தேசிய அணிக்குப் பதினெட்டு கிலோ அதிகம்

இருபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி, ஓய்வு பெற்றவள் மாதிரி உட்கார்ந்து அனுபவம் பேசினால் சிரிப்பு வரும். சிரித்துவிடுங்கள், பிறகு கேளுங்கள். நம் பாய்மரப் படகுச் சங்கத்தின் கருவிப் பிரிவில் ஏழு வருடம் இருந்தேன். இந்த வாரத்தோடு முடிகிறது; இனி அந்த வேலை புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுடையது. சர்வதேசப் போட்டிகளில் படகை அளந்து சான்று கொடுக்கும் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எண்ணூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் ரேஷன் கடையில் கைநாட்டுதான். பெருமை பிடித்தவள் என்று ஆபீசில் என்னைப் பற்றிச் சொல்வதாகக் கேள்வி. சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எடை பார்ப்பது, அளவு நாடா பிடிப்பது, பாயில் முத்திரை குத்துவது எல்லாம் பத்து நாளில் உங்களுக்கு வந்துவிடும். எடை சரியில்லை என்று தெரிந்த பிறகு யார் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்பதுதான் சீக்கிரம் வராது. எனக்கு அது வந்த விதத்தைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறும் இருக்கிறது. தவறைப் பெரிதாகவும் என் புத்தியைச் சிறிதாகவும் வைத்துக் கேளுங்கள்.

போன வருடம் நம் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இனி தேசிய அணியின் படகுகள் எல்லாம் உள்நாட்டில் செய்தவையாக மட்டுமே இருக்க வேண்டும். தேர்வுப் போட்டியிலேயே அது நடைமுறைக்கு வரும். கூட்டத்தில் முதலில் கை தட்டியது நான்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்கரையோரம் எங்கள் ஆட்கள் பொழுது விடிந்தால் படகு செய்கிறார்கள். அந்தக் கரையிலிருந்து கடலுக்குள் போகிற பெண்ணுக்கு மட்டும் படகு ஏன் பெட்டியில் அடைத்துக் கப்பலில் வர வேண்டும்? இன்றைக்குக் கேட்டாலும் நான் இதையேதான் கேட்பேன்.

கை தட்டி முடித்த பிறகுதான் பிரின்ஸி ஞாபகம் வந்தது.

பிரின்ஸி ராயபுரத்துப் பெண், வயது பத்தொன்பது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அணியில் நான்கு இடம், போட்டியிடுவோர் ஆணும் பெண்ணுமாகப் பதினோரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் கிளப்போ குடும்பமோ வேறு மாநிலத்தில் சொல்லி உள்நாட்டுப் படகு வாங்கிக் கொடுத்துவிடும். பிரின்ஸி ஓட்டியது ஒரு கிளப் இரக்கப்பட்டு இரவல் தந்த வெளிநாட்டுப் படகு. புதிய தீர்மானப்படி அது தண்ணீரில் இறங்கக் கூடாது. அதாவது, நான் கை தட்டியதில் அவள் படகு போய்விட்டது.

"பரவால்ல விடுக்கா" என்றாள். "நீந்திகினே போறேன். நான் உள்நாட்டுத் தயாரிப்புதான?"

அன்று சாயங்காலமே பந்தயப் படகின் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு திருவொற்றியூர்க் கரைக்குப் போனேன். எல்லப்பன் மாமாவின் பட்டறை அங்கேதான். முப்பது அடி ஃபைபர் மீன்பிடிப் படகுகள் செய்வதில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரையும் சேர்த்து நான்கு பேர். வரைபடத்தை மணலில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னாம்மா தேவகி இது? குழந்திய குளிப்பாட்ற தொட்டி மாதிரி கீது" என்றார் மாமா.

"பந்தயப் படகு மாமா. பாய் கட்டி ஓட்றது. ஒரு ஆள்தான்."

"மீன எங்க போடுவாங்கோ?"

"மீன் பிடிக்கப் போகலை மாமா. கடலுக்குள்ள மிதவை போட்டிருக்கும். அதைச் சுத்திட்டுத் திரும்பி வரணும்."

"சுத்திட்டு?"

"திரும்பி வரணும்."

"வெறுங்கையோடவா?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பக்கத்தில் இருந்த டில்லி அண்ணன், "உடு மாமு, படிச்சவங்க வேல. கேள்வி கேட்டா நமக்குத்தான் பேஜாரு" என்றார்.

அச்சு தயாரானது. இந்த இடத்தில்தான் என் தவறு. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால் கவனமாகச் செய்வார்கள் என்று நினைத்து, பிரின்ஸியைப் பட்டறைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். ஒல்லியான பெண். மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் புள்ளயா அத்தாம் பெரிய கடல்ல தனியா போவுது?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவள் அப்பா பெயர் விசாரித்தார்கள். டில்லி அண்ணனின் மச்சானும் அவரும் ஒரே கிரேன் ஷிப்ட் என்று தெரிந்தது. அவள் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு முறை "பாத்துப் போம்மா" என்றார்கள்.

ஃபைபர் படகு என்பது அச்சின் மேல் கண்ணாடி இழை விரிப்பை வைத்து, பிசின் தடவி, காய வைத்து, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போவது. அந்த விரிப்பைப் பட்டறையில் மேட் என்பார்கள். எத்தனை மேட் என்று வரைபடம் சொல்லும். ஆனால் எங்கள் கரையில் வரைபடத்தில் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. படகில் போகிறவன் தெரிந்தவன் என்றால், அடிப்பக்கம் ஒரு மேட் கூடுதலாகப் போடுவார்கள். கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் அது செய்ததற்கே மரியாதை இல்லை. நான் குப்பத்தில் பிறந்தவள். எனக்கு இது தெரியும். படிப்பும் அடையாள அட்டையும் சேர்ந்து மறக்கடித்திருந்தன.

படகு வந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு. மீன் ஏலக் கூடத்திலிருந்து தொங்கு தராசு கொண்டுவந்து மாட்டினோம். பதினெட்டு கிலோ அதிகம்.

தராசைக் கழற்றி மாட்டினோம். அப்போதும் பதினெட்டு.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டச் சொல்வதற்குச் சமம் அது. மாமாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். ஒரு மேட் கூடப் போட்டதாக ஒப்புக்கொண்டார். ஒரு மேட்டுக்குப் பதினெட்டு கிலோ வராதே என்றேன். அவர் திரும்பி மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் கடலைப் பார்த்தார்கள். நான்கு பேரும் தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாமல், ஆளுக்கொரு மேட் போட்டிருந்தார்கள்.

"நீயுமாடா?" என்றார் மாமா.

"நீ போடலன்னு நெனச்சேன் மாமு" என்றார் டில்லி அண்ணன்.

மறுநாள் நம் செயலாளர் வந்துவிட்டார், மாலையும் புகைப்படக்காரருமாக. படகின் முன்பக்கத்தில் தேசியக் கொடி வேறு தீட்டியாகிவிட்டது. எடைத்தாளை நீட்டினேன். பார்த்தார், மடித்தார், திருப்பித் தந்தார்.

"தகுதியுள்ளது என்று கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நம் சங்கமே செய்ய வைத்த முதல் உள்நாட்டுப் படகு. அதை நாமே நிராகரித்தால் வெளியில் என்ன பேசுவார்கள்? எடையை விடுங்கள். தேசம் முக்கியம்."

"தேசம் பதினெட்டு கிலோவா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

 ஆறு வருடமாகியும் வேலையில் நான் நிரந்தரம் ஆகாத காலம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்தால் சங்கத்துக்குப் படம் கிடைக்கும், பட்டறைக்குப் பெயர் கிடைக்கும், எனக்கு நாட்டுப்பற்று கிடைக்கும். எடை மட்டும் பிரின்ஸிக்கு. அவள் கடைசியாக வந்தால், வாய்ப்புக் கொடுத்தும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று நாமே எழுதுவோம். உள்நாட்டுப் பொருள் என்பதால் அளவில் சலுகை கொடுத்தால், அந்தச் சலுகைக்கான விலையை யாரோ ஒருவர் கடலில் கட்டுகிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. செயலாளர் மாலையை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அது அங்கேயே வாடியது.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மறுபடி பட்டறைக்குப் போனேன். இந்த முறை பொய்யோடு.

"பிரின்ஸிக்கு வேற எடத்துல ஏற்பாடு ஆயிடுச்சு மாமா. இது வேற ஒருத்தனுக்கு. பெரிய இடத்துப் பையன். வடசென்னையில படகு செய்யத் தெரியுமான்னு கேக்குறான்."

 மாமா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"தெரியுமாவா? டேய் டில்லி, அந்தக் காயிதத்த எடு. இன்னா போட்டுகீதோ அத்தான். ஒரு பிடி கூட கெடையாது, கம்மியும் கெடையாது. கய்தே, அவனுக்கு இன்னாத்துக்கு நம்ம மேட்டு?"

எங்கள் ஆட்கள் அன்பில் செய்தால் அளவு தப்பும். கோபத்தில் செய்தால் ஒரு நூல் பிசகாது. இரண்டாவது படகு வந்தது. தராசு முள் வரைபடத்தின் எண்ணில் போய் அப்படியே நின்றது. அதன் உறுதியை இரண்டு முறை சோதித்தேன். மூன்றாவது முறை நானே உள்ளே ஏறிக் குதித்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுப் போட்டி எண்ணூர்க் கரைக்கு எதிரே கடலில். ஒவ்வொரு நாளும் பந்தயம் நடந்து, கடைசி நாள் காலையில் பிரின்ஸி மூன்றாம் இடத்தில் இருந்தாள். அந்தக் கடைசிப் பந்தயத்தில் சொதப்பாமல் வந்தால் அணியில் இடம். நான் நடுவரோடு அவர் படகில் இருந்தேன். நடுவர் வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்.

பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கரைப்பக்கமிருந்து ஒரு மீன்பிடிப் படகு எங்களை நோக்கி வந்தது. உள்ளே எல்லப்பன் மாமா, டில்லி அண்ணன், இன்னும் இருவர். பெரிய இடத்துப் பையன் தோற்பதைப் பார்க்கப் பட்டறைக்கு லீவு விட்டு வந்திருக்கிறார்கள். தங்கள் படகைத் தூரத்திலிருந்தே கண்டுகொண்டார்கள். கிட்டே வந்தார்கள். பாய்க்கு அடியில் பிரின்ஸி உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் முகத்தை என் இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"அய்யய்யோ! அது நம்ம புள்ளடா!"

நான்கு பேர், ஒரு என்ஜின், காற்று நிரப்பிய இரண்டு லாரி டியூப், ஒரு சுருள் கயிறு. பிரின்ஸி எப்போது மூழ்குவாள், எப்போது தூக்கலாம் என்று அவள் பின்னாலேயே போகத் தொடங்கினார்கள். மற்ற வீரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் தொலைநோக்கியை இறக்கினார்.

விதி உங்களுக்குத் தெரியும். பந்தயத்தில் இருப்பவருக்கு வேண்டியவர்கள் வெளியிலிருந்து உதவக் கூடாது. உதவினால் பந்தயத்தில் இருப்பவர் வெளியே போக வேண்டியதுதான். பொருளால் உதவினாலும் சரி, வாயால் உதவினாலும் சரி.

"யார் அவர்கள்?" என்று நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

மீனவர்கள், வழியோடு போகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய் சொன்னதன் பலன்தான் லாரி டியூபோடு எதிரே போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் படகைச் செய்தவர்கள். வேறு ஒருவருக்கு என்று பொய் சொல்லிச் செய்ய வைத்தேன். இப்போது பயந்து பின்னால் போகிறார்கள். அவள் கூப்பிடவில்லை."

 நடுவர் குறிப்பேட்டை எடுத்தார். "என்ன கத்துகிறார்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்."

மாமா கத்தக் கத்த, நான் அலுவலகக் குரலில் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

"நல்லா குந்திக்கம்மா! ஆடாத!"

"சரியாக உட்காரச் சொல்கிறார்."

"அது படகு ஓட்டும் ஆலோசனையா?"

"இல்லை சார். பேருந்தில் போனாலும் அதையே சொல்வார்."

"வோணாம்மா, வூட்டுக்கு வந்துடு! உங்கப்பனாண்ட நான் சொல்லிக்கறேன்!"

"வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்கிறார். அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்கிறார்."

நடுவரின் பேனா நின்றது. "இது உதவியா, இடைஞ்சலா?"

"வீட்டுக்கு வா என்று சொல்வது உதவி என்றால், எங்கள் பக்கத்துப் பெண்களைப் போல் உதவி பெற்றவர்கள் இந்த நாட்டில் கிடையாது சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து மாமா எழுந்து நின்றார். வாடிப்போயிருந்த காற்றை ஒரு முறை முகத்தில் வாங்கிப் பார்த்தார். முப்பது வருடம் கடலுக்குப் போன பிறகு பட்டறை வைத்தவர் அவர். கையைக் குவித்துக் கத்தினார்.

"கொண்டல் ஏறுது! கரையாண்ட போவாத! வெளிய போ, வெளிய!"

கொண்டல் என்றால் கீழ்க்காற்று, கடலிலிருந்து வருவது. வெளியே போகிறவருக்கு அது முதலில் கிடைக்கும். இதைவிடச் சுத்தமான உதவியை வாயால் செய்ய முடியாது.

"இப்போது என்ன சொன்னார்?" என்றார் நடுவர்.

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். தமிழ் தெரிந்த ஒரே அதிகாரி நான். 'டீ குடிக்கிறாயா என்று கேட்கிறார்' என்றால் விஷயம் முடிந்தது. பிரின்ஸியின் இடம் என் நாக்கில் இருந்தது. எடைத்தாளில் பதினெட்டு என்று எழுதியவள் நான். அங்கே ஒரு உண்மையை எழுதி, இங்கே ஒரு பொய்யைச் சொன்னால், இனி என் தாளை யாரும் பார்க்க வேண்டியதில்லை. 

"கீழ்க்காற்று வரப்போகிறது, வெளிப்பக்கம் போ என்று சொன்னார்."

நடுவர் எழுதினார். பிறகு இரண்டு பேரும் பிரின்ஸியைப் பார்த்தோம்.

அவள் படகைத் திருப்பினாள். கரைப் பக்கமாக.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஏ பொண்ணே! அந்தாண்ட இல்ல!" அதற்குள் வேறொன்று நடந்தது. பிரின்ஸிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னைப் பையன்கள் இரண்டு பேர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள், சட்டென்று வெளிப்பக்கம் திரும்பினார்கள். கொண்டல் வந்தது. மாமா சொன்ன இடத்தில், சொன்னபடி. அவர்கள் இரண்டு பேரையும் அது அள்ளிக்கொண்டு போனது.

நடுவர் குறிப்பேட்டைத் திரும்பப் படித்தார். "இவர் கத்தியது அந்தப் பெண்ணுக்கு. அவள் எதிர்ப்பக்கம் போனாள். கேட்டுப் பயன்பெற்ற இரண்டு பேரையும் இவருக்கு யாரென்றே தெரியாது. நான் யாரை வெளியே அனுப்புவது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்று நான் சொன்ன மிக எளிதான உண்மை அதுதான்.

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தார்: போட்டியாளர் உதவியைப் பெற்றுக்கொள்ளவில்லை.

பிரின்ஸி மொத்தத்தில் ஒரு இடம் இறங்கி நான்காவதாக வந்தாள். அணியில் இருந்த இடம் நான்கு. கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா சொன்னது காதுல உழலையா?" என்று கேட்டேன்.

"உழுந்துச்சுக்கா. சரின்னும் தெரியும். கேட்டா அவுட்டுன்னும் தெரியும். அதான் இந்தாண்ட வந்தேன்." தலைமுடியைப் பிழிந்தாள். "ரெண்டாவதா வரவேண்டியது. அவர கொஞ்சம் மெதுவா கத்தச் சொல்லுக்கா."

மாமா அவளிடம் பேசவில்லை. நேராகப் படகிடம் போனார். அடிப்பக்கத்தை முழங்கையால் தட்டிப் பார்த்தார், நான்கு இடத்தில். ஒரு கீறல் இல்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு என்னிடம் வந்தார்.

"என்னாண்டயே பொய் சொல்லிகீற."

"ஆமா மாமா. உண்மையச் சொல்லியிருந்தா மேட் போட்டிருப்பீங்க."

யோசித்தார். "போட்டுத்தான் இருப்பேன்" என்றார்.

இனி அவரிடம் பொய் சொல்வதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன். சுலபமாகக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதமே நம் சங்கம் அவர் பட்டறைக்கு, போட்டிக்கு நான்கு, பயிற்சிக்கு நான்கு என்று எட்டுப் படகு கேட்டு ஆர்டர் அனுப்பியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். செயலாளர் இந்த முறை மாலை தரவில்லை.

"எட்டா!" என்றார் மாமா. "யாருக்கு?"

வாக்கு கொடுத்திருந்தேனே. "நாட்டுக்கு மாமா. தேசிய அணிக்கு. எட்டுமே நம்ம பசங்க ஓட்டப் போறது."

அவர் கண் கலங்கியது. திரும்பி, "டேய், நாட்டுக்காம்டா!" என்று கத்தினார். டில்லி அண்ணன் வேலையை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டார். மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள்.  பிறகு நான்கு பேருடைய கண்ணும், ஒருவருக்கொருவர் தெரியாமல், மூலையில் நிறுத்தி வைத்திருந்த மேட் சுருள் பக்கம் போனதைப் பார்த்தேன்.

தேசிய அணி உள்நாட்டுப் படகில்தான் போக வேண்டுமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. போகலாம், கட்டாயம் போகலாம் என்பேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து படகுக்கு நான் உட்கார்ந்தேன். பிசின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல். ஐந்தும் எடை சரி.

ஆறாவது படகுக்குத் திங்கட்கிழமை அடிப்பக்கம் போடுகிறார்கள். உங்களில் இரண்டு பேர் போங்கள். ஒருவர் போதாது, நான்கு ஜோடிக் கை இருக்கிறது. டீ தருவார்கள், குடியுங்கள். உங்கள் ஊர் கேட்பார்கள், அப்பா பெயர் கேட்பார்கள், சொல்லுங்கள். பன்னிரண்டரை மணிக்கு மாமா மிகவும் பாசமாக, "இன்னாத்துக்கு கண்ணுங்களா வெயில்ல காஞ்சிகினு, போய் ஒரு வா துன்னுட்டு வாங்கோ" என்பார்.

போகாதீர்கள்.